முதல் வெள்ளிக் கெடு

என் டைரியில் 2023 ஆகஸ்ட் 7, திங்கள் என்ற பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "இரண்டு கடை பாக்கியையும் இனி ஒரே ஆள் பார்த்தால் என்ன என்று இவர் கேட்டார். நல்லதுதான் என்றேன். மாலையில் சாரல்."

அந்த ஒரே ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. அன்று காலையிலிருந்து என் கணவர் தன் தம்பி மனைவியின் பெயரை இரண்டு முறை சொல்லியிருந்தார். இரண்டு முறையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எங்கள் கடை சின்னமனூரில். சொட்டுநீர்க் குழாய், பி.வி.சி. பைப், மோட்டார் சாமான்கள். கொழுந்தனாரின் கடை கம்பத்தில், அதே சரக்கு. பெயர்ப் பலகை ஒன்று, ஜி.எஸ்.டி. எண் ஒன்று, குழாய்க் கம்பெனிக்குப் பணம் கட்டுவதும் ஒரே கணக்கில். சின்னமனூர்க் கடையின் பில் மேசையில் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி, கம்பத்துக் கடையில் உட்கார ஆரம்பித்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த வருஷம் கம்பெனி கடன் கொடுப்பதை இறுக்கிவிட்டது. முன்பணம் கட்டினால்தான் லோடு ஏறும். கம்பத்தில் வசூல் இருந்தது. சரக்கு போய்ப் பணம் திரும்பாமல் நின்றது எங்கள் கடையில்தான்.

நாங்கள் பில் கொடுத்த முறையைச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கைக்காரர் வருவார், பைப்பை ஏற்றுவார், நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவேன். அதில் தொகை இருக்கும், கெடு இருக்காது. கெடு எழுதினால் ஆளை நம்பவில்லை என்று அர்த்தம். "வெட்டு முடியட்டும்" என்பார்கள், "முடியட்டும்" என்போம். திராட்சை வெட்டு முடிந்து, வியாபாரி பணம் கொடுத்து, அதில் பூச்சிமருந்துக் கடைக்கும் கூலிக்கும் போனது போக எங்களுக்கு வரும். சரியான ஜி.எஸ்.டி. பில்லை மாதக் கடைசியில் மொத்தமாக ஆடிட்டருக்காகப் போடுவேன். அதை வாடிக்கைக்காரர் யாரும் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 15 அன்று மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். ஓரகத்தி ஜெயமங்கலத்துப் பெண். இந்துக் குடும்பம். கொழுந்தனார் விரும்பிக் கட்டிக்கொண்டார். ஞானஸ்நானம் வாங்கி எங்களோடு கோயிலுக்கு வருகிறாள், எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் இடம் போட்டு வைக்கிறாள். அன்று அவள் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொண்டுவந்திருந்தாள். கம்பத்தில் ஒரு வாடிக்கைக்காரர் சும்மா கொடுத்ததாம். எனக்கு இத்தனை வருஷத்தில் யாரும் ஒரு கொத்து கொடுத்ததில்லை. பழம் நன்றாக இருந்தது. நான் இரண்டு தின்றுவிட்டு, இந்த வெட்டில் இனிப்புக் குறைச்சல் என்றேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டேன். "ஒனக்கு மட்டும் எப்படி கேக்காமக் குடுக்குறாக?"

"கேக்குறேனே அக்கா. பைப்பு வாங்க வரும்போதே கொடியக் கழிச்சுக் கவாத்துப் பண்ணுனது எப்பன்னு கேட்ருவேன். சொல்லுவாக. அப்ப வெட்டு எப்ப வரும்னு அவுகளே விரலை மடக்கிருவாக. வியாபாரி காசு குடுக்க இன்னொரு வாரம்னும் அவுகளே சொல்லிருவாக. அவுக சொன்ன நாளைத்தான் பில்லுல போடுறேன். நானா ஒன்னும் போடல."

"பில்லை அன்னைக்கே குடுத்துருவியா?"

"பைப்பு வண்டியில ஏறுறப்பவே போன்ல போயிரும். வாங்க வர்ற ஆம்பளை நம்பர் இல்ல. வீட்டுல காசு யார் கையில இருக்கோ அவுக நம்பர்."

"மதினி," என்றார் கொழுந்தனார், "இவ ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஜாதகமே கணிச்சு வச்சிருக்கா. இனி கல்யாணப் பொருத்தம்தான் பாக்கி."

"ஏலக்காய்க்காரவுகளும் அப்படித்தானா?" என்று இவர் கேட்டார்.

"அவுகளுக்கு ஏலத்து நாளு. 'சேட்டா, லேலம் எப்போழா'ன்னு கேப்பேன். என் மலையாளத்தைக் கேட்டுச் சிரிச்சே பாதிப் பேரு குடுத்துர்றாக."

இவர் தண்ணீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். லோயர் கேம்ப் தாண்டிக் கேரள மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் காசு புழங்கும், அவர்களிடம் யார் கேட்டாலும் வரும் என்று நான் சொன்னேன். யாருக்கும் அது காதில் விழவில்லை.

பிறகு அவள் போனை வாங்கி அந்தப் பில்லைப் பார்த்தேன். கடைப் பெயர், சரக்கு, தொகை, கெடு, கீழே பணம் அனுப்புவதற்கான க்யூ.ஆர். கட்டம். ஒரு பில்லில் "வெட்டு முடிஞ்சு பத்தாம் நாள்" என்றே எழுதியிருந்தாள், பேச்சில் சொல்வதுபோல. நான் அப்படி எழுத மாட்டேன். ஆனால் என்னை அரித்தது எழுத்து அல்ல. மழையையும் அணை மட்டத்தையும் போல, யார் தோட்டத்தில் எப்போது கவாத்து என்பதையும் நான் வருஷக்கணக்காக டைரியில் குறித்து வருகிறேன். ஓடைப்பட்டித் தோட்டங்களின் கவாத்து நாட்கள் அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதை ஒரு பில்லின் அடியில் எழுதலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அன்று எல்லோரும் புறப்படும்போது இவர் தம்பியிடம் சொன்னதைக் கேட்டேன். "ஒன்னாந்தேதி வரைக்கும் பாப்போம். இங்கன காசு வரலைன்னா ரெண்டு கடைக் கணக்கையும் அந்தப் புள்ளைட்ட குடுத்துருவோம்."

அவள் முறையை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நானும் படித்தவள்தான். பழைய காலத்து ஐரோப்பியச் சந்தைகளில் வியாபாரிகள் எல்லோரும் ஒரே நாளில் உட்கார்ந்து கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள் என்று படித்திருந்தேன். ஆளுக்கொரு நாள் என்பதைவிட எல்லோருக்கும் ஒரே நாள் என்பது ஒழுங்கு. செப்டம்பர் ஒன்றாம் தேதி என்று முடிவு செய்தேன். காலண்டரைப் பார்த்தபோது அது வெள்ளிக்கிழமையாக இருந்தது. மாதத்தின் முதல் வெள்ளி. எங்களுக்கு அது திரு இருதய ஆண்டவருக்கு உரிய நாள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை அப்பம் வாங்கி, சுத்தமாகத் தொடங்கும் நாள். கணக்கு முடிக்க இதைவிட நல்ல நாள் உண்டா என்று நினைத்தேன்.

பத்து நாட்களில் பழைய பாக்கி அத்தனைக்கும் பில் போட்டேன். வரிசை எண், சரக்கு எடுத்த தேதி, வரி தனியாக, கூட்டுத்தொகை எழுத்தால். கீழே ஒரே வரி: "இத்தொகையை 01.09.2023க்குள் செலுத்தி உதவ வேண்டுகிறோம்." க்யூ.ஆர். கட்டத்தையும் வைத்தேன். வீட்டில் காசு யார் கையில் என்று விசாரித்து அவர்களுடைய எண்ணுக்கே அனுப்பினேன். அந்த இரண்டை மட்டும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன், அவளிடம் சொல்லாமல்.

பெரிய பாக்கி ஓடைப்பட்டிக்காரர் ஒருவருடையது. திராட்சைப் பந்தல் தோட்டம் முழுக்கப் புதிதாகக் குழாய் போட்டிருந்தார். அவர் பணம் வந்தால் கம்பெனி முன்பணத்துக்கு அதுவே போதும்.

செப்டம்பர் 1, வெள்ளி. முதல் வெள்ளிப் பூசைக்குப் போய்விட்டுக் கடையைத் திறந்தேன். பணம் வந்தால் தொகையைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி ஒன்று மேசையில் உண்டு. மத்தியானம் வரை அது வாய் திறக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு ஓடைப்பட்டிக்காரர் போன் செய்தார்.

"தாயி, பில்லு வந்துச்சு. அச்சு பிரமாதம்."

"இன்னைக்குத்தான் கடைசி நாளுங்கய்யா."

"அதைத்தான் கேக்க வந்தேன். வெள்ளிக்கிழமை அதுவுமா மகாலெச்சுமிய வீட்டைவிட்டு அனுப்பச் சொல்லி அச்சடிச்சுக் குடுத்திருக்கீக. எம் பொண்டாட்டி காலையிலேர்ந்து அந்தப் போனைத் தொட மாட்டேங்குறா. சாமி ரூமுல வச்சுப் பூட்டிட்டா."

"எங்களுக்கு இது முதல் வெள்ளிங்கய்யா. நல்ல நாள்."

"ஒங்களுக்கு வாங்குறதுக்கு நல்ல நாளு. எங்களுக்குக் குடுக்குறதுக்கு ஆகாத நாளு. எப்படிச் சேரும்?" அவர் சிரித்தார். "அதோட எந்தோட்டத்துல இன்னும் பழமே கருக்கல தாயி. வெட்டு இம்மாசக் கடைசியில. அதுவரைக்கும் பொறுங்க."

வெள்ளி செவ்வாயில் கையிலிருந்து காசு விடமாட்டார்கள் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும், ஊர்ப் பழக்கமாக. ஆனால் பில்லில் நாள் குறித்தே பழக்கமில்லாத கடையில் அந்தக் கேள்வி எழுந்ததில்லை. அவரவர் தமக்கு ஏற்ற நாளில் வந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் கடை மந்தமாக இருப்பதற்குச் சந்தை நாள்தான் காரணம் என்று நினைத்து, அன்று நான் அலமாரி துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு பேர் பேசினார்கள். எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள், எல்லோரும் சிரித்தார்கள். இவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் புள்ளைட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். 'அந்தப் புள்ள' என்று சொன்னபோது அவர் குரலில் இருந்த கனிவு எனக்காக ஒருநாளும் வந்ததில்லை. கொழுந்தனாருக்குப் போன் போட்டு எங்கள் கடையில் நடந்ததைச் சொல்ல அவர் வெளியே போனார். போனில் கொழுந்தனார் சிரித்தது தெருவிலிருந்து எனக்குக் கேட்டது. பக்கத்தில் அவளும் இருந்திருப்பாள்.

மறுநாள் சனிக்கிழமை, கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கர் பெட்டி பேசியது. தொகையைக் கேட்டு இவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். ஓடைப்பட்டிக்காரருடைய முழுப் பாக்கி. அவரிடமிருந்து ஒரு சொல் இல்லை, போன் இல்லை. திங்களுக்குள் மற்றவர்களிலும் பாதிப்பேருக்கு மேல் அனுப்பிவிட்டார்கள். கம்பெனிக்கு முன்பணம் போனது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபடியே, யார் கணக்குப் பார்ப்பது என்ற பேச்சு முடிந்தது. இவர் ஆரம்பிக்கும் முன் ஓரகத்தியே சொன்னாள். "ரெண்டு கடைக்கும் அக்காவே போடட்டும். எனக்குக் கைப்புள்ளைய வச்சுக்கிட்டு முடியாது. அக்கா பில்லுதான் பாக்கவே லட்சணமா இருக்கு, ஆடிட்டரும் அதைத்தான் சொன்னாக. கெடு நாளு மட்டும் நான் கேட்டுச் சொல்லிர்றேன்."

"அப்ப சரி," என்றார் இவர். "நீயே பாரு." இதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் காத்திருந்த வார்த்தைதான். ஆனால் அது அவள் கையிலிருந்து வந்து விழுந்தது.

அன்று முதல் இரண்டு கடைப் பில்லும் நான்தான் போடுகிறேன். சரக்கு ஏறும்போதே பில் போகிறது. கெடுவைக் கவாத்திலிருந்தோ ஏலத்திலிருந்தோ கணக்கிட்டு வாடிக்கைக்காரரே சொல்கிறார். அது வெள்ளியிலோ செவ்வாயிலோ விழுந்தால் மறுநாளுக்குத் தள்ளுகிறேன். கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் ஒரு நினைவூட்டல் போகும். அதில் தொகை இருக்காது, "பழம் எப்படி வந்திருக்கு" என்று மட்டும் கேட்டிருக்கும். அந்த வரியும் அவள் சொன்னதுதான். கம்பெனிக்கு நாங்கள் பாக்கி வைப்பதில்லை. போன மாதம் தேனியிலிருந்து வந்த கம்பெனி ஆள், "இங்க யார் மேடம் பில்லிங் பாக்குறது, பக்காவா இருக்கு" என்று கேட்டார். நான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் சொன்னார்: "எங்க வீட்டுப் பொம்பளைக ரெண்டு பேரும்."

ஒரு விஷயம் மட்டும் டைரிக் குறிப்பில் முடியாமல் நிற்கிறது. ஓடைப்பட்டிக்காரர் வெள்ளியன்று மாதக் கடைசிவரை பொறுக்கச் சொன்னார். அவர் தோட்டத்து வெட்டு செப்டம்பர் 26 அன்றுதான் தொடங்கியது, அதை நான் பதிவு செய்திருக்கிறேன். அப்படியிருக்க அந்தச் சனிக்கிழமை காலையில் முழுத் தொகையும் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று தெரியவில்லை. அவர் வீட்டு மருமகளுக்கும் என் ஓரகத்தியின் ஊரான ஜெயமங்கலம்தான் என்று நவம்பரில் ஒரு கல்யாண வீட்டில் கேள்விப்பட்டேன். என் ஓரகத்தி அந்த வெள்ளிக்கிழமை இரவு அந்த வீட்டுக்குப் போன் செய்தாளா என்பது எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கவில்லை, ஓடைப்பட்டிக்காரரிடமும் கேட்கவில்லை. அவள் பேசியிருந்தால் என் மேசை அவள் கொடுத்தது. பேசாவிட்டால் என் பில்லுக்கு வந்த பணம் அது. இரண்டில் எது நடந்தது என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.