கொடிக்கு வைத்த மஞ்சள்

ரங்கூன் முனிசிபாலிட்டிக்கு ஒரு கொடி வேண்டுமென்று பெரியவர்கள் கூடிப் பேசிப் பேசி, ஒருவழியாக முடிவு செய்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா அந்த ஆபீசில் டவாலி, மார்பில் பட்டை போட்ட சேவகர். கொடிக்கு அர்த்தம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நீலம் ஆறு, பச்சை நெல்வயல், நடுவில் இருக்கும் வெள்ளை ஊரின் சுத்தம். கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

லத்தா தெருவில் ஒரு சீனத் தையல்காரர் தைத்த கொடியைச் சனிக்கிழமை வாங்கிவந்து, திங்கட்கிழமை ஆபீசில் ஒப்படைப்பது அப்பாவின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை அது எங்கள் டிரங்குப் பெட்டியின் மேல் இருந்தது. அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் புதுத்துணி உடுத்தியதில்லை. இவ்வளவு பெரிய புதுத்துணியை அப்படியே கொண்டுபோனால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று எனக்குப் பதறியது. மஞ்சளைக் குழைத்து, எடுப்பாகத் தெரியட்டும் என்று வெள்ளையிலேயே வைத்தேன். அதிகப்பிரசங்கி என்று சும்மாவா பெயர் வாங்கினேன்!

அம்மா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையோடு சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்பது அந்தப் பதற்றத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. இரத்தமாய்ச் சிவந்தது. எத்தனை அலசியும் கறை போகவில்லை.

துரைமார்களுக்கு எதிராக ஊரில் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த காலம் அது. இந்தக் கறையை யாரோ வேண்டுமென்றே செய்ததாக நினைத்தால் வேலை மட்டுமா போகும், ஜெயில்தான் என்று அம்மா அழுதாள். அப்பா என்னை அடிக்கவில்லை. எதற்கு வைத்தாய் என்று மட்டும் கேட்டார்.

"நீங்க நல்லா இருக்கணும்னுதாம்ப்பா."

மறுநாள் கொடியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பியபோது மார்பில் டவாலிப் பட்டை இல்லை. சாக்கடை அள்ளும் ஆட்களோடு சேர்த்துவிட்டார்களாம். ஜெயில் இல்லையே என்று அம்மா சாமிக்கு விளக்கேற்றினாள்.

வேறு கொடி தைத்து அந்த வாரமே ஏற்றினார்கள். அங்கே போகவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் கேட்பேனா? கூட்டத்தில் நுழைந்து முன்னால் போய் நின்றேன். சாக்கடை ஆட்களின் வரிசையில் அப்பா நின்றிருந்தார். "அப்பா" என்று கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், அவர் மட்டும் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் பொத்துக்கொண்டு வந்தன. இன்னும் என்மேல் கோபம் தீரவில்லை என்று நினைத்து, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவராக வந்து பேசினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் அம்மா சொன்னாள். கறை எப்படி வந்தது, வீட்டில் யார் யார் என்று கொடியைக் கொண்டுபோன அன்றைக்கு ஆபீஸ் துரை துருவித் துருவி விசாரித்தாராம். அப்பா கைகட்டி நின்று சொன்னாராம்:

"நாந்தான் மஞ்சள் வெச்சேன் தொரை. புதுத்துணிக்கு எங்க வழக்கம். வீட்ல வேற யாருமில்ல. பொஞ்சாதி, புள்ளையெல்லாம் இந்தியாவுல, ஊர்ல இருக்காங்க."

கொடியேற்றிய அன்று அந்தத் துரை அப்பாவுக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் அப்பாவை மூன்று தடவை கூப்பிட்டேன்.