அண்ணின்னு தெரியாம போச்சு

அவள் பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சில் மெழுகு உருக்கி, கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளம்வரை ராவி, பல்செட்டாக்கித் திருப்பி அனுப்பும் கூடத்தில் வேலை. ரத்தமும் எச்சிலும் காய்ந்து ஒட்டிக்கொண்டு வரும் அச்சுகளைக் கழுவி வைத்துவிட்டுச் சாவகாசமாக டீ குடிப்பாள். அருவருப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற ஜாதி.

கையும் நடுங்காது. அதுதான் விளையாட்டில் உதவியது. நாலு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து எதிரணியைச் சுட்டு வீழ்த்தும் ஆன்லைன் விளையாட்டு அது. கல்யாணமான புதிதில் கணவன்தான் அவள் போனில் ஏற்றிக்கொடுத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கொஞ்ச நாளிலேயே சிஷ்யை குருவை மிஞ்சிவிட்டாள். அதில் அவனுக்குப் பெருமையா எரிச்சலா என்பது அவனுக்கே புரியவில்லை.

மைக்கை மட்டும் அவள் போடமாட்டாள். ஆரம்பத்தில் ஒருமுறை, "பின்னாடி வர்றான், பாருங்க" என்று எச்சரித்தாள். "அட, பொண்ணுடா!" என்றான் ஒருத்தன். அப்புறம் எதிரியை யாரும் பார்க்கவில்லை. வயசு என்ன, தனியாகவா இருக்கிறாய் என்ற விசாரணைதான். அன்றோடு மைக்குக்குப் பூட்டு.

கணவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு செட் உண்டு. கணக்கு வாத்தியார் ஒருவர், ஜிம் நடத்துகிறவன் ஒருவன். நாலாவது ஆள் வேறு செட்டுக்குத் தாவியதும், கணவன் அவளிடம் வந்தான்.

"நீ வாயேன். ஆனா பேசாத. சித்தப்பா பையன்னு சொல்லியிருக்கேன்."

"ஏன், பொண்டாட்டின்னு சொன்னா ஆகாதா?"

"அவங்க கூச்சப்படுவாங்கம்மா."

அவளும் நம்பினாள். நம்பாமல் எப்படி? வீட்டுக்கு வந்தால் அந்த இரண்டு பேரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். "அண்ணி, கொஞ்சம் தண்ணி" என்பதற்கே நெளிவார்கள். தங்கமான பிள்ளைகள் என்று தன் தாயிடமே சொல்லியிருக்கிறாள்.

கணவன் ஹாலில், அவள் படுக்கையறையில். காதில் ஹெட்போன். "தம்பி வாயே தொறக்கறதில்ல, ஆனா அடிச்சா இடிதான்!" என்று வாத்தியார் மெச்சுவார். அவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

அப்படி ஒரு ஞாயிறு, எதிரணியில் ஒரு பெண் இருந்தாள். ஜிம்காரனை இரண்டு முறை வீழ்த்திவிட்டு, இரண்டு அணிக்கும் கேட்கிற மாதிரி, "நல்லா ஆடறீங்க, விடாதீங்க" என்றாள். குரலில் குத்தலே இல்லை.

அவ்வளவுதான்.

"அடுப்புல என்ன தீயுதுன்னு போய்ப் பாருடி" என்று ஜிம்காரன் ஆரம்பித்தான். அதுவாவது பரவாயில்லை. அடுத்துப் பேசியது வாத்தியார். அந்தப் பெண்ணின் உடம்பைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பேசினார். கரும்பலகையில் கணக்குப் போடுகிறவர்போல நிதானமாக, ஒன்று விடாமல். ஆளுக்கு ஒரு ராத்திரி என்றார். எங்கே குடியிருக்கிறாய், தேடி வருகிறோம் என்றார். மனிதர் முதல்தடவை பேசுகிற பேச்சாக அது இல்லை. நன்றாக ஊறிய பேச்சு.

கணவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு இரண்டு முறை கேட்டது. ஹெட்போனில் ஒருமுறை, கதவுக்கு அந்தப்பக்கமிருந்து ஒருமுறை.

அவள் சுடுவதை நிறுத்தினாள்.

"தம்பி, நீயும் ரெண்டு வார்த்த சொல்லேன். ஊமையா நீ?" என்றார் வாத்தியார்.

அவள் மைக்கைப் போட்டாள். "தம்பி இல்லீங்க, அண்ணி பேசறேன். கடைசியா அந்தப் பொண்ணுகிட்ட ஏதோ சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க வாத்தியாரே."

ஆட்டத்திலிருந்து ஜிம்காரன் முதலில் கழன்றான், வாத்தியார் அடுத்து.

கணவன் படுக்கையறை வாசலில் வந்து நின்றான். "என் மானத்த வாங்கிட்டியே."

"உங்க மானமா போச்சு?"

"நான் ஒரு வார்த்த பேசினேனா?"

"சிரிச்சீங்க. நான் கேட்டுட்டிருக்கேன்னு தெரிஞ்சும் சிரிச்சீங்க."

குளியலறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். பேசியவர்கள் அவர்கள், கொப்பளித்தவள் இவள்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் ஒரு பை ஆப்பிளோடு வந்தார்கள். வாத்தியார் தரையைப் பார்த்தே பேசினார்.

"அண்ணின்னு தெரியாம போச்சு. தெரிஞ்சிருந்தா சத்தியமா பேசியிருக்க மாட்டோம். நீங்க எங்களுக்குத் தாய் மாதிரி."

நேற்றைய பேச்சைவிட இந்த மன்னிப்புதான் அவளுக்குக் குமட்டியது. "அந்தப் பொண்ணு?"

"அது யாரோ எவளோ அண்ணி."

"உங்க கிளாஸ்ல உக்காந்திருக்கிற பொண்ணுங்களும் யாரோ எவளோதானே?"

அவர் முகம் சிவந்தது. "விளையாட்டுல சொன்னத வாழ்க்கையோட முடிச்சுப் போடாதீங்க."

"பழத்த எடுத்துட்டுப் போங்க. எனக்கு இறங்காது."

விளையாட்டுக் கம்பெனிக்குப் புகார் எழுதினாள். ஆராய்ந்ததில் விதிமீறல் எதுவும் தென்படவில்லை, தொடர்ந்து மகிழ்ச்சியாக விளையாடுங்கள் என்று பதில் வந்தது. பிறகு அந்தப் பெண்ணின் கணக்கைத் தேடிப் பிடித்து எழுதினாள்: "அன்னைக்கு அவங்க அணியில நானும் இருந்தேன். சீக்கிரமே வாயத் தொறந்திருக்கணும்."

அந்தப் பெண் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். "பழகிப்போச்சுங்க" என்று பதில் போட்டிருந்தாள். "ஆனா மைக்க மட்டும் நிறுத்தமாட்டேன். எதிரி எங்கன்னு சொல்லாம ஆடி எப்படி ஜெயிக்கிறது?"

இப்போது இரண்டு பேரும் ஒரே அணி. இருவரும் மைக் போட்டே ஆடுகிறார்கள். சாக்கடை வராமல் இல்லை. வந்தால் ஆளை பிளாக் பண்ணிவிட்டு, புகார் எழுதிவிட்டு, ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். இவளுக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. பழகக் கூடாது என்றுதான் நினைக்கிறாள்.

கணவன் அந்த செட்டோடு ஆடுவதை விட்டுவிட்டான். ஆனால் டீக்கடையில் பார்த்துக்கொள்வது உண்டு. ஒருநாள் வேலை முடிந்து வந்தவன், பரிசு வாங்க வந்த பிள்ளைபோல எதிரே நின்றான்.

"வாத்தியார் இன்னைக்கு ரோட்டுல போன ஒரு பொண்ணப் பத்தி அசிங்கமா பேசினார். நான் சிரிக்கல."

அவள் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாய மூடுங்கன்னு சொன்னீங்களா?"

"இல்ல..."

"சரி, கை கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்."