ராணி வண்டிக் காசு

என் மாமனார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ராயபுரத்திலிருந்து வேலைக்கு நடந்தே போவார், நடந்தே வருவார். ஜட்காவில் ஏறச் சொன்னால், "குதிரையும் என்ன மாரி சொம தூக்கறதுதான, பாவம்" என்பார். கஞ்சத்தனத்துக்கு இப்படியும் ஒரு சாக்கா என்று நான் அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். வாய்த்துடுக்கு எனக்குப் பிறவிக் குணம்.

சீமையில் ராணிக்கு முடிசூட்டிய வருஷம், ஒரு கப்பல்காரர் அவருக்கு நினைவுக் காசு ஒன்று கொடுத்தார். ஒரு பக்கம் ராணி முகம், மறுபக்கம் குதிரைகள் பூட்டிய அரண்மனை வண்டி. எனக்கு ஏழு குதிரைதான் தெரிந்தது. "எட்டாவது பின்னால மறஞ்சிகினு கீது" என்று அடித்துச் சொல்வார். கடையில் செல்லாத காசு. அதற்கு வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்ப்பு வேறு.

"நான் போனா இத்த நெத்தில வெச்சி அனுப்பும்மா. ஒரு தபாவாவது வண்டில போறேன்" என்று என்னிடம்தான் சொன்னார், மகனிடம் சொல்லவில்லை. காசையும் என்னிடமே கொடுத்தார். அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தேன்.

அவர் போன அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குளிப்பாட்டி மாலை போட்டார்கள். யாரோ நெற்றியில் ஒரு ரூபாயை ஒட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் அழுதேன். பறைச் சத்தம் தெருமுனை திரும்பிய பிறகுதான் பானை ஞாபகம் வந்தது.

பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. "எங்கடி ஓடற?" என்று மாமியார் கத்தினார். நான் நிற்கவில்லை.

அதற்குள் குழியில் இறக்கியிருந்தார்கள். என் கணவர் முறைத்தார். வெட்டியான் மட்டும் கை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெற்றிக் காசு வெட்டியானுக்குச் சேர வேண்டியது, மண் தள்ளுமுன் எடுத்துக்கொள்வார். ஊரறிந்த இந்த வழக்கத்தை மாமனாரும் மறந்திருந்தார், நானும் மறந்திருந்தேன்.

"அண்ணே, அத்த எடுத்துராதண்ணே. அவரு போற வண்டி அது" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை.

வெட்டியான் குழிக்குள் இறங்கி, ரூபாயை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். அந்த இடத்தில் என் காசை வைத்தார். ராணி முகம் மேலே இருந்தது. உற்றுப் பார்த்துவிட்டு, வண்டி தெரியும்படி திருப்பி வைத்தார்.

"என் கூலி வந்துருச்சிம்மா. வண்டில கை வெக்க மாட்டேன்" என்று சொல்லி மேலே ஏறி மண்வெட்டியை எடுத்தார். "வண்டி பொறப்ட்ருச்சி. நீ வூட்டுக்குப் போ."