என் படத்துக்குக் கீழே இருக்கும் கொடி

நான் வேலை செய்யும் ஆங்கில நிலையத்துக்குள் போவதென்றால் வாசலில் விரலடையாளம் வைக்க வேண்டும். அந்த இயந்திரத்துக்கு மேலே, சுவரில், ஆசிரியர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு சின்னக் கொடி. என் படத்தில் இருப்பவள் என்னைவிட நாலு மடங்கு வெள்ளை. மூக்கும் பல்வரிசையும் என்னுடையவை, மிச்சமெல்லாம் ஸ்ரூடியோக்காரனின் கைவேலை. அவளுக்குக் கீழே பச்சையும் சிவப்புமாக இருப்பது போர்த்துக்கல் நாட்டுக் கொடி. அந்த நாட்டை நான் வகுப்பறை வரைபடத்தில் தவிர வேறெங்கும் கண்டதில்லை. இரண்டு வருடமாகத் திங்கட்கிழமை தவிர்ந்த எல்லா நாளும் அந்த வெள்ளைக்காரிக்குக் கீழே நின்று என் கறுத்த விரலை வைத்துவிட்டு உள்ளே போகிறேன்.

இது வியட்நாமின் நடுப்பகுதியில் உள்ள ஒரு கடற்கரை நகரம். நான் மன்னார் பள்ளிமுனையைச் சேர்ந்தவள். பெயர் மரியா ஸ்ரெலா மிராண்டா. கடலுக்குப் போனவரின் மகள், கடலுக்குப் போகிறவரின் மனைவி, இரண்டு பெண்பிள்ளைகளின் தாய், பதினாலு வருடம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். வெளிநாடு போனவர்கள் எழுதினால் புதிய ஊர் எப்படி வேறாக இருந்தது என்றுதான் எழுதுவார்கள். என் தொல்லை வேறு. இந்த ஊர் என் ஊரைப் போலவே இருக்கிறது. அதே சோளகக் காற்று, அதே வலை, அதே உப்புப் படிந்த சைக்கிள்கள். மீனை உப்பில் ஊறவைத்து வடிக்கும் ஒரு சாறு இவர்களுக்கு இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடும் இறங்காது. நுக் மாம் என்று பெயர். கருவாடு காய்கிற முற்றத்தில் தவழ்ந்தவளுக்கு அது ஒரு மணமா? வந்த இரண்டாம் மாதம் ஒரு மாணவியின் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தாய் அந்தக் கிண்ணத்தை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவளாகச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். “மன்னிக்கவும், ஐரோப்பியர்களுக்கு இந்த மணம் ஒத்துவராது” என்று மகளைக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்வித்தாள். வாயூறிக்கொண்டிருந்த நான் மூக்கைச் சுளித்து, ஆமாம் என்று தலையாட்டினேன். வெறும் சோற்றையும் அவித்த கீரையையும் தின்றுவிட்டு வந்து அறையில் இருந்து அழுதேன்.

எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தில்தான் இது எல்லாம் தொடங்கியது. மீன்பிடிப் போட்டுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் என் கணவர் மாதக்கணக்காகக் கரையில் இருந்தார். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் சம்பளமற்ற லீவு எடுத்து வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு இரண்டு பேர் இருந்தோம். நான் ஒன்று, மற்றது சிவதர்சினி. அவள் முருங்கன் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை, என்னைவிட எட்டு வயது இளையவள், தினமும் பஸ்ஸில் பாலம் கடந்து மன்னார்த் தீவுக்கு வருவாள். ஆங்கிலத்தில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. தன்னடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை, அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். அதிபரின் ஆங்கிலக் கடிதங்கள் எல்லாவற்றையும் நாங்கள்தான் எழுதுவோம். ஒருமுறை எங்கள் பிள்ளைகளுக்குக் கராத்தே பழக்க விருப்பம் என்று ஒருவர் விண்ணப்பித்திருந்தார். அதிபருக்கு விருப்பமில்லை. வேண்டாம் என்பதை நான் இரண்டே வரியில் எழுதி நீட்டினேன். சிவதர்சினி வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

“அக்கா, இல்லையெண்டு சொல்லுறதெண்டாலும் ஆளை ஒரு கதிரையைப் போட்டு இருத்திப்போட்டுச் சொல்லுங்கோ.”

சொல்லிவிட்டு இரண்டாவது வரியாக ஒரு வசனத்தைப் புகுத்தினாள். தங்களின் திறமை எங்கள் தேவையைவிடப் பெரியது என்பதை நன்கு உணர்ந்தே இதை எழுதுகிறோம் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இன்னும் வடிவாக இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து போன எந்த மறுப்புக் கடிதமும் அந்த வசனம் இல்லாமல் போனதில்லை.

வியட்நாம், தாய்லாந்து என்று இருபது முப்பது இடங்களுக்கு இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தோம். ஒருவர் முதலில் போனால் மற்றவரை எடுப்பது என்பது பேச்சு. சிவதர்சினிக்கு ஒரு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. எனக்கு ஒன்று வந்தது. அது ஏன் என்று அன்றைக்கு நாங்கள் யோசிக்கவில்லை. நேர்முகம் வைத்த நாள் மன்னாரில் கரண்ட் இல்லை, வீடியோ எடுபடவில்லை, குரலில் மட்டும் பேசினோம். பாஸ்போட் பிரதியைப் பார்த்தது விசா அலுவல் செய்த ஏஜென்ற். நிலையத்துக்குச் சொந்தக்காரியான மிஸ் லான் பார்த்தது என் பெயரை மட்டும். மிராண்டா! எங்கள் கரையில் குரூஸ், பீரிஸ், மிராண்டா என்று கூப்பிட்டால் வலைக் கிழிசல்களைப் பொத்திக்கொண்டிருக்கிறவர்களில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என்றைக்கோ ஒரு பாதிரியார் தலையில் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டுப் போன பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வெள்ளைத்தோலை எதிர்பார்க்க உலகத்தில் யாரும் இருப்பார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

புறப்படுவதற்கு முதல்நாள் சிவதர்சினி பள்ளிமுனைக்கு வந்து என் பெட்டியை அடுக்கித் தந்தாள்.

“என்னை மறந்துபோகாதேங்கோ அக்கா.”

“நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் போய்ச் சேர்ந்து ஒரு இடம் வந்தவுடன உம்மை எடுக்கிறன்.”

விமான நிலையத்தில் என் பெயரை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன் நின்றான். துவான் என்று பெயர், அலுவலக உதவியாளன். நான் நேரே போய் அவனுக்கு முன்னால் நின்று சிரித்தேன். அவனும் மரியாதையாகச் சிரித்தான். பிறகு நான் மறைக்கிறேன் என்று நினைத்து அட்டையைக் கொஞ்சம் பக்கத்துக்கு நகர்த்தி, எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் காட்டினான். நான் அட்டையைத் தொட்டு, இது நான்தான் என்றேன். “இல்லை, இல்லை, டாக்ஸி அந்தப் பக்கம்” என்று கையைக் காட்டினான். கடைசியில் பாஸ்போட்டை எடுத்து விரித்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது. அவன் என்னையும் பெயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியோடு ஒதுங்கிப் போனான். அரை மணித்தியாலம் பெட்டியோடு நின்றேன். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

மிஸ் லான் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், அவள்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அன்று எனக்கு ஐஸ் போட்ட கோப்பி தந்து, என் ஆங்கிலத்தைப் பத்து நிமிடம் கேட்டாள். “நீ நல்ல ஆசிரியை. எனக்கு நாடு முக்கியமில்லை, பெற்றோருக்கு முக்கியம்” என்றாள். ஸ்ரீலங்கா ஆபிரிக்காவில் எந்தப் பக்கம் என்று துவான் கேட்டான். என் பெயர் போர்த்துக்கல்லில் இருந்து வந்தது என்று, ஏதோ எனக்கும் ஒரு பெருமை இருக்கட்டுமே என்று, நான்தான் வாயை விட்டேன். மிஸ் லானின் முகம் மலர்ந்தது. போர்த்துக்கல்லில் வெயில் அதிகம்தானே என்றாள். அடுத்த நாள் என்னைப் படம் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் மாதம் ஒரு வகுப்பில், ஒன்பது வயதுப் பிள்ளைகள், ரீச்சர் போர்த்துக்கேய மொழியில் ஏதாவது சொல்லுங்கள் என்று பிடிவாதமாக நின்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெற்றோர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அந்த மொழியில் ஒரு வசனமும் தெரியாது. பிறகு, போர்த்துக்கேயரிடமிருந்து தமிழுக்கு வந்த சொற்கள் என்று பள்ளிக்கூடத்தில் எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டினேன்.

“அலுமாரி. ஜன்னல். மேசை. கதிரை.”

முப்பது பிள்ளைகளும் பாட்டாகப் பாடினார்கள். அலுமாரி, ஜன்னல், மேசை, கதிரை. வெளியே நின்ற ஒரு தகப்பன் கைதட்டினார். வியட்நாமில் ஒரு வகுப்பறையில் எங்கள் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் ஐரோப்பாவாகிவிட்டன. நானும் சிரித்தேன். இரண்டு வருடத்தில் நான் என் மொழியைச் சத்தமாகப் பேசிய வகுப்பு அது ஒன்றுதான்.

சென்ற மாசியில் நிலையத்தில் ஒரு இடம் வந்தது. சிவதர்சினிக்கு அன்றே சொன்னேன். அவள் ஸ்ரூடியோவில் புதுப் படம் எடுத்து, கல்வி அதிகாரிகளின் வலயக் கந்தோருக்கு நாலு தரம் அலைந்து சம்பளமற்ற லீவுக்கும் அனுமதி வாங்கிவிட்டுத்தான் விண்ணப்பத்தை அனுப்பினாள். என்னை அவ்வளவு நம்பியிருந்தாள். இப்போதெல்லாம் மிஸ் லான் குரலை மட்டும் கேட்டு ஆள் எடுப்பதில்லை, படம் முக்கியம். என்னால் படித்த பாடம். வந்த விண்ணப்பங்களைப் பார்த்து ஒருவரைத் தெரிந்தெடுக்கும் வேலையை என்னிடமே தந்தாள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். சிவதர்சினியும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பாவெல் என்ற இளைஞனும். பாவெல் ஒரு நாளும் படிப்பித்தவன் அல்ல. அவனுடைய விண்ணப்பத்தில் ஒரு பக்கத்திலேயே பதினொரு பிழை.

“இந்தப் பெண் என்னைவிடத் திறமையானவள்” என்று சிவதர்சினியின் படத்தை மிஸ் லானுக்குக் காட்டினேன்.

அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “ஒரு மரியாவைப் பெற்றோர் நம்பிவிட்டார்கள். இந்தப் பெயரோடும் இந்த நிறத்தோடும் இன்னொருவர் வந்தால், அவர்கள் உன்னையும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்கள். நீ யோசித்துச் சொல். முடிவு உன்னுடையது.”

உண்மையாகவே முடிவை என்னிடம்தான் விட்டாள். எவரும் என் கையைப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூத்தவளுக்கு உயர்தரப் பரீட்சை வருகிறது என்று யோசித்தேன். போட் பாதிநாள் கரையில் கிடக்கிறதே என்று யோசித்தேன். இதெல்லாம் பிறகு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயங்கள். நிஜம் என்னவென்றால் பயந்தேன். அவள் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றால் என் சாயம் வெளுத்துவிடும் என்று பயந்தேன். பாவெலை எடுக்கச் சொன்னேன்.

நிலையத்தின் ஆங்கிலக் கடிதங்களை எழுதுவது நான்தான், மிஸ் லான் கையெழுத்து மட்டும் வைப்பாள். சிவதர்சினிக்குப் போகவேண்டிய மறுப்பையும் நான் எழுதினேன். பழக்கப்பட்ட கை, தன்பாட்டில் எழுதிக்கொண்டு போனது. அனுப்பிய பிறகும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “என்ர கையில ஒண்டும் இருக்கேல்லை, முடிவு மேலிடத்து முடிவு” என்று வாய்கூசாமல் சொன்னேன். அவள் “ஓம் அக்கா, ஓம்” என்று மட்டும் சொன்னாள். ஒரு கிழமை கழித்து வட்ஸ்அப்பில் அவளுடைய குரல் வந்தது.

“அக்கா, சுகமா இருக்கிறீங்களோ? அண்டைக்கு நீங்கள் எடுக்கேக்க நான் பஸ்ஸில, வடிவாக் கதைக்கேலாமப் போச்சு. கடிதத்தை ஆறுதலா வாசிச்சனான். நல்ல இங்கிலிஷ். எங்கட திறமை அவையின்ர தேவையைவிடப் பெரிசாம். அந்த வசனம் கராத்தே மாஸ்ரருக்கு நான் எழுதினதெல்லோ?” பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம். “பரவாயில்லை அக்கா. கதிரையைப் போட்டுத்தானே சொன்னனீங்கள். லீவை ரத்துச் செய்யச்சொல்லி வலயக் கந்தோருக்குக் குடுத்திட்டன். மற்றது, பிள்ளையள் உங்கட படத்தை இணையத்தில பார்த்திட்டுதுகள். ஸ்ரெலா ரீச்சர் வெள்ளையா வந்திட்டா எண்டு ஒரே கொண்டாட்டம். கீழ இருக்கிறது எந்த நாட்டுக் கொடி எண்டு என்னைக் கேக்குதுகள். நான் என்னெண்டு சொல்லட்டும்?”

அதில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். அவள் தன் கையால் எழுதின வசனத்தையே அவளுக்குத் திருப்பி அனுப்பி வாசலை மூடியிருக்கிறேன். பள்ளிமுனைக் கோயிலில் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். இங்கும் பெரிய கோயில் இருக்கிறது. பாவத்தைக் கேட்கும் குருவானவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவருடைய மொழி தெரியாது. அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன். இங்கே வர நினைக்கிற ஆசிரியர்களும் வாசியுங்கள். சிவதர்சினியும் வாசிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பாவெல் போன கிழமை வந்து சேர்ந்தான். அவனுடைய படத்தை என் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதில் ஸ்ரூடியோக்காரனுக்கு வேலை இருக்கவில்லை. நல்ல பொடியன்தான், பாவம். அவனுடைய பாடக்குறிப்புகளை ஒவ்வொரு நாளும் நான் திருத்திக் கொடுக்கிறேன். நேற்று விரல் வைத்துவிட்டு இருவரும் சுவருக்கு முன்னால் நின்றபோது என் கொடியைப் பார்த்து, போர்த்துக்கல்லில் எந்த இடம் என்று கேட்டான். கடலோரம், ஒரு மீன்பிடி ஊர் என்றேன். பெயரைக் கேட்டான்.

“பள்ளிமுனை.”

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டவன் போல, “கேள்விப்பட்டிருக்கிறேன், அழகான இடம்” என்றான்.

இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் என் ஊரின் பெயரை நேற்றுத்தான் முதல்தடவையாக வாயால் சொன்னேன். அதையும் கொண்டுபோய்ப் போர்த்துக்கல்லில் வைத்துவிட்டேன். சிவதர்சினிக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.