எல்லோரும் வேண்டாமென்ற ஆபரேஷன்

நான் குளியலறையில் வழுக்கி விழுந்த காலையில், என் கணவர் நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை, பலசாலி. என் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். முடியவில்லை. அப்போது என் எடை நூற்று முப்பது கிலோவுக்கு மேல்.

"இரு, அசையாத. ஆள இட்டுகினு வரேன்."

"வேணாங்க. கொஞ்ச நேரத்துல நானே எழுந்துக்கறேன்."

என்னால் எழ முடியாது என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. எங்கள் பிளாக்கிலிருந்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாலைந்து பேர் வந்தார்கள். ஹெல்மெட்டுகளைக் கழற்றி வாசல் சுவரின்மேல் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். போர்வையை என் அடியில் செருகி, நாலு மூலையும் பிடித்துத் தூக்கினார்கள். யாருமே என்னை நேராகப் பார்க்கவில்லை. "டீச்சர் கை, பாத்து" என்று ஒருவர் மட்டும் மெதுவாகச் சொன்னார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. அவர்கள் போனபின் என் கணவர் ஈரத்தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து, உடம்பைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன்.

அந்த முடிவு எளிதானதல்ல. சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் என் இதயத்தின் வால்வைக் கெடுத்திருந்தது. மகள் பிறந்து சில வருடங்களில் அதை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தினார்கள். ரத்தம் அதில் உறைந்துவிடாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உடம்பில் எங்கே கத்தி வைத்தாலும் ரத்தம் நிற்பது கடினம். போதாததற்குச் சர்க்கரை நோய், அதற்குத் தினமும் ஊசி. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். படுத்தால் திணறும் என்பதால் நாற்காலியில் சாய்ந்துதான் தூங்குவேன். பகலில் கண் சொருகும். ஒருநாள் கணக்கு வகுப்பில், பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது மணி அடித்து வெகுநேரமாகியிருந்தது. அத்தனை பிள்ளைகளும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

எங்கள் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி டாக்டர் என்னைப் பல வருடங்களாகப் பார்த்து வந்தவர். நான் சொன்னதைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தார். "உங்க ஹார்ட்டுக்கு இன்னொரு மயக்க மருந்து கொடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன்மா" என்றார். கோபமில்லை, பயந்திருந்தார். சென்னையில் பார்த்த அறுவை சிகிச்சை நிபுணர் என் எக்கோ ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "வாயைக் கட்டுங்க, நடங்க. இந்த ஆபரேஷன் உங்களுக்கில்ல" என்றார். இருபது வருடமாக வாயைக் கட்டியவள் நான். கேழ்வரகுக் கூழ், கொள்ளு, வெள்ளரிக்காய் என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தவள். நடக்க முழங்கால் விட வேண்டுமே. பேருந்தில் திரும்பி வரும்போது இரண்டு பேர் சீட்டில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கணவர் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார்.

மூன்றாவதாகப் பார்த்தவர் பாண்டிச்சேரியில் ஒரு பெண் டாக்டர். என்னைவிட வயதில் சிறியவர். முழுக்கக் கேட்டார். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாயை மட்டும் விடுவோம் என்று படம் வரைந்து காட்டினார். பிறகு, "பண்ணா ஆபத்து இருக்குங்க. மத்தவங்களுக்கு இருக்கறத விட ரொம்ப அதிகம். பண்ணாமலே இருந்தாலும் இப்படியே எத்தனை வருஷம்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டையும் தெரிஞ்சுகிட்டு வாங்க" என்றார். தூக்கத்தில் முகமூடி மாட்டிக் காற்றைத் தள்ளும் இயந்திரத்தைச் சில மாதங்கள் பயன்படுத்த வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், கொஞ்சமாவது எடை குறைத்துக் காட்ட வேண்டும், இதய டாக்டர் சம்மதிக்க வேண்டும். இதெல்லாம் நடந்தால்தான் செய்வேன் என்றார்.

என் கணவர் மறுநாள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு இதுல இஷ்டமில்ல."

"ஏங்க?"

"நீ இப்டியே இரு. நான் பாத்துக்கறன். வேலைய வுட்டுடு. வூட்ல ஒக்காந்துகினு இரு. அறுக்கப் போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா, பொண்ணுக்கு நான் இன்னா பதில் சொல்லுவன்?"

"இப்படியே இருந்து ஒருநாள் நாற்காலியிலயே மூச்சு நின்னு கெடந்தா, அதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கத்து ஊரான வடக்குத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, காண்ட்ராக்ட் ஆளாகச் சுரங்கத்துக்குள் போய், வெகுநாள் கழித்து பெர்மனென்ட் ஆனவர். எதற்கும் அசராதவர். அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். கடைசியில், "எப்ப போவணும்னு சொல்லு, லீவு போடறன்" என்றார்.

அந்த மாதங்கள் நீளமானவை. முகமூடி முதலில் மூச்சை அடைப்பது போலிருந்தது. பழகியபின் பல வருடங்களில் முதல் முறையாகக் கனவு வந்தது. விடிந்ததும் ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிவரை நடப்பேன், நிற்பேன், மறுபடி நடப்பேன். எங்கள் டவுன்ஷிப் சாலைகளில் மரத்துக்குப் பஞ்சமில்லை. எடை கொஞ்சம் இறங்கியது. இதய டாக்டர் தயங்கித் தயங்கிச் சம்மதித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. நிறுத்தியிருந்த மாத்திரைக்குப் பதிலாக ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியை மறுபடி தொடங்கியதும் வயிற்றுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்தது. எனக்கு நினைவிருப்பது நாக்கு வறண்டதும், அறை மெல்ல மெல்லத் தள்ளிப் போனதும்தான். மற்றதை மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஊசியை நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டிவிடலாம். நிறுத்தாவிட்டால் கசிவு நிற்காது. நிறுத்திவிட்டு மறுபடி உள்ளே பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் டாக்டர் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். இவர் கையிலிருந்த ஜெபமாலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அவ தெரிஞ்சிதாம்மா வந்தா. நீங்க செய்ங்க" என்றாராம்.

கட்டிய ரத்தத்தை எடுத்துக் கசிவை அடைத்தார்கள். வால்விலும் ரத்தம் உறையவில்லை. கண் விழித்தபோது என் கணவர் கட்டிலருகே குனிந்திருந்தார். உலோக வால்வு திறந்து மூடும் சத்தம் அமைதியான அறையில் கேட்கும், கைக்கடிகாரச் சத்தம் போல. அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் நிமிர்ந்து, "தண்ணி குடுக்கக் கூடாதுன்றாங்க" என்றார்.

வீடு வந்து தேறப் பல மாதங்கள் ஆயின. கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. இரண்டு வாய் அதிகம் தின்றால் வாந்தி. அரை இட்லிக்கு மேல் இறங்காது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, எனக்கு ஏதோ தீராத நோவு என்று சிலர் ரகசியமாகப் பேசினார்கள். எடை வருடத்துக்குள் பெருமளவு இறங்கி, பிறகு நின்றுவிட்டது. இன்றும் நான் பருமனானவள்தான். ஆனால் சர்க்கரை ஊசி நின்றது. கட்டிலில் மல்லாந்து படுக்கிறேன். பள்ளியில் நின்றுகொண்டு பாடம் நடத்துகிறேன்.

சில வருடங்கள் கழித்துப் பாண்டிச்சேரியில் இதயப் பரிசோதனைக்குப் போனோம். இன்னொரு வால்விலும் கசிவு தொடங்கியிருப்பதாகச் சொன்னார்கள். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், என்றாவது ஒருநாள் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவரலாம். "பழைய எடையில இருந்திருந்தீங்கன்னா யாரும் தொடவே மாட்டாங்க. இப்ப செய்யலாம்" என்றார் இதய டாக்டர். அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பும் வழியில் காடாம்புலியூரில் இறங்கி, நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா வீட்டுக்குப் போனோம். பலாப்பழம் அறுத்திருந்தார்கள். அண்ணி தட்டு நிறையச் சுளைகளை வைத்து நீட்டினார். நான் ஒன்றை மட்டும் எடுத்தேன்.

"இன்னாம்மா இது, கொழந்த துன்றாப்ல? வயித்த அறுத்துகினு, வாய்க்கு ருசியா ஒண்ணு துன்ன முடியாம... இன்னாத்துக்கு இவ்ளோ பாடு?"

பலாச்சுளைக்காக நான் ஏங்கிய நாட்கள் உண்டு. இப்போதும் உண்டு. "பொண்ணு காலேஜ் முடிக்கறதப் பாத்தேன் அண்ணி" என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடி பேருந்தில் ஏறியபோது, இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். முந்திரித் தோப்புகளைப் பார்த்தபடி வந்த என் கணவர், ஊர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"நெஞ்சுக்குள்ளயும் கை வெக்கணும்னா, அப்பவும் எங்கிட்டதான் கேப்பாங்க, இல்ல?"

"ஆமாங்க."

"இன்னா சொல்லட்டும்?"

"அத அப்பப் பாத்துக்கலாங்க."

அவர் தலையாட்டினார். இறங்கும் இடம் வந்ததும் முன்னால் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார்.