துரும்பை வாங்காத கை

கோர்ட்டுக்குப் போனால் குடும்ப மானம் போய்விடும் என்றார் என் சித்தப்பா. சிலமலையில் என் வீட்டுக்காரன் என்னைத் தெருவில் இழுத்துப் போட்டு அடித்தபோது போகாத மானம் அது. எழுபதுகளின் கடைசி. மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு போடியில் அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அவனிடமிருந்து விடுதலை வேண்டும். அதைவிட, பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும்.

எங்கள் ஆட்களில் கல்யாணத்தை அத்துவிட ஒரு துரும்பு போதும். பெரியவர்கள் முன்னால் புருஷன் அதை இரண்டாகக் கிள்ளி ஒரு பாதியைப் பெண்டாட்டியிடம் நீட்டுவான். அவள் வாங்கிக்கொண்டால் முறிந்தது. பெரியவர்களில் ஒருவர் ஏலக்காய் வியாபாரி. அவருடைய கடை மாடியில்தான் கூடினோம். பக்கத்து ஹாலில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் அவனுக்குக் கங்காணி வேலை. அங்கே ஆட்களை விரட்டுகிற அதே மிடுக்கோடு துரும்பை விரலில் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "நான் கிள்ள மாட்டேன். இவ இப்பிடியே கெடந்து காயட்டும்" என்றான். கல்லானாலும் கணவன் என்றார் ஒரு பெரியவர். கல்லாக இருந்திருந்தால் கிடந்த இடத்தில் கிடந்திருக்கும், அடித்திருக்காது. எல்லாரும் அவனைக் கெஞ்சினார்களே தவிர, ஒருவரும் அதட்டவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எட்டிப் பிடுங்கி நானே கிள்ளி அவன் மடியில் எறிந்தேன்.

என் முன்கோபம் எனக்கே குழி பறித்தது. பொம்பளை கிள்ளினால் செல்லாது, சபையை மதிக்காதவளிடம் பிள்ளை வளரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அன்றைக்கே அவன் அக்கா வந்து மகளைச் சிலமலைக்குத் தூக்கிப்போனாள். நான் பார்க்கப் போன இரண்டு தடவையும் கதவைத் திறக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மலையில் அவனுக்கு ஒரு பெண் அமைந்தாள். மூத்தவளை முறையாக அத்துவிட்டு வந்தால்தான் தாலி கட்ட விடுவோம் என்று அவள் அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள். மறுபடியும் அந்த மாடியில் கூடினோம். இந்தத் தடவை யாரும் கேட்பதற்கு முன்பே அவன் கிள்ளி நீட்டினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாங்கித் தொலை ஆத்தா என்று சித்தப்பா பல்லைக் கடித்தார்.

"மொதல்ல எம் பிள்ளையக் கொண்டாரச் சொல்லுங்க. இல்லாட்டி இவன் சாகுற வரைக்கும் நான்தான் பொண்டாட்டி."

நீட்டிய கையோடு அவன் முழித்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? ஜீப்பை அனுப்பி, சாயங்காலத்துக்குள் மகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துரும்பை வாங்கினேன். கோர்ட்டு வாசலை மிதிக்காமல் சுமுகமாக முடித்துவிட்டோம் என்று பெரியவர்கள் காபி வரவழைத்துக் குடித்தார்கள்.

மகளை இழுத்து அணைத்தேன். அவள் திமிறினாள். இரண்டு வருஷமாக அவன் அக்கா சோற்றோடு எதை ஊட்டி வளர்த்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"விடு. என்னைய வேணாம்னு துரும்பக் கிள்ளிப் போட்டவதான நீயி. நான் எங்க அத்தகிட்டப் போறேன்."

தூக்கிக்கொண்டுதான் படி இறங்கினேன். வீடு வருகிறவரை என் தோளைக் கடித்துக்கொண்டே வந்தாள்.