தனம் வீடு திரும்பிய பொங்கல்

முத்திருளனின் முகம் மதுரையில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் வாயைத் திறந்தால் டீக்கடையில் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். சமயநல்லூரில் வயல்வேலை பார்த்த குடும்பத்தில் முதலில் படித்தவன், நகரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். 1971லிருந்து ஆறு வருடம், ஞாயிறுதோறும் ரேடியோவில் வந்த ‘எதிர்ச்சாரி வீடு’ தொடர் நாடகத்தில் நடுப்பிள்ளை நடராசனாகப் பேசியது அவன்தான்.

நடராசனின் மனைவி தனமாகப் பேசியவள் ரங்கநாயகி. மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம், பள்ளிக்கூடத்து டீச்சர். மாதம் இரண்டு சனிக்கிழமை ஒலிப்பதிவுக்குத் திருச்சி போக வேண்டும். இருவருக்கும் ஒரே பஸ். அவளோடு அப்பா ஹரிராம் துணைக்கு வருவார், மேலூர் தாண்டுவதற்குள் தூங்கியும் விடுவார். அப்போதும் இவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பஸ்ஸில் அவளுக்கு அவன் ‘சார்’, அவனுக்கு அவள் ‘டீச்சர்’. கண்ணாடி அறைக்குள் சிவப்பு விளக்கு எரிந்தபின்தான் அவள் ‘என்னங்க’ என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு முத்திருளன் பதினைந்து நாள் காத்திருப்பான். சாதி வேறு, வீட்டில் பேசும் பாஷையே வேறு. ஹரிராமிடம் போய் என்னவென்று கேட்பது? அவன் கேட்கவே இல்லை.

1977ல் ரங்கநாயகிக்குப் பரமக்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. நாடகம் எழுதியவர் வேறு வழியில்லாமல் தனத்தைத் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார். அவள் இல்லாமல் மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடவில்லை. தனம் வீடு திரும்பாமலே தொடர் நின்றுபோனது.

அதற்கப்புறம் பல வருடம், குரலைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாரும் அவனிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். தனம் மதினி எப்ப வருவாக? வருவா என்பான். இடையில் கல்லுப்பட்டிச் செல்லத்தாயைக் கட்டினான். அவளும் அந்த நாடகத்தை ஒரு வாரம் விடாமல் கேட்டவள். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தன.

1987 கடைசியில் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. பத்து வருடம் கழித்து அந்தக் குடும்பம் மறுபடி ஒன்றுகூடுவதாக ஒரு டி.வி. படம் எடுத்திருந்தார்கள், பொங்கலுக்கு. நடித்தவர்கள் எல்லாம் புது முகங்கள். குரல் மட்டும் பழைய ஆட்களுடையதாக இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சனம் ஒத்துக்கொள்ளாதாம்.

மெட்ராஸில் குரல் பதிவுக்கு ரங்கநாயகி கணவன் ஹரிநாராயணனோடு வந்திருந்தாள். ஜவுளி வியாபாரி, கலகலப்பான மனிதர். நாடகத்தின் பழைய வசனங்கள் முத்திருளனைவிட அவருக்கு நன்றாக நினைவிருந்தன. இவன் கையைப் பிடித்துக் குலுக்கி, நடராசனாக ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டு ரசித்தார். ரங்கநாயகி உடம்பு வைத்திருந்தாள். குரல் அப்படியே இருந்தது.

தனம் வாசலில் வந்து நிற்கும் காட்சி. திரையில் யாரோ ஒரு நடிகர், யாரோ ஒரு நடிகை. “வந்துட்டியா” என்பது மட்டும்தான் நடராசனின் வசனம். நடிகரின் வாயசைவுக்கு அதைப் பொருத்த வேண்டும். முத்திருளனுக்கு ஒவ்வொரு தடவையும் அரை நொடி பிந்தியது. ஏழு தடவை ஆகிவிட்டது. இயக்குநர் வேறு ஆளை வைத்துப் பேசவைக்கலாமா என்று உதவியாளரிடம் கேட்பது ஸ்பீக்கரில் இவனுக்கே கேட்டது.

ரங்கநாயகி மைக்கிலிருந்து தலையைத் திருப்பினாள். “சார், அந்தாள் முகத்தப் பாக்காதீங்க. முன்ன மாதிரி பேப்பரப் பாத்துப் பேசுங்க.”

அவன் பேப்பரைப் பார்த்தான். எழுத்து கலங்கலாகத் தெரிந்தது.

“வந்துட்டியா.”

“வந்துட்டேங்க” என்றாள் அவள்.

சரியாக விழுந்துவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கிக் காட்டினார்கள். அவள் தண்ணீர் குடித்தாள். அன்று சாயங்காலமே கணவனும் மனைவியும் ரயிலேறிப் போய்விட்டார்கள். வாரேன் சார் என்று சொல்லிக்கொண்டுதான் போனாள்.

பொங்கலன்று பக்கத்து வீட்டு விருமாண்டியின் டி.வி. முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. தனம் வாசலில் வந்து நின்றதும் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். செல்லத்தாய் அழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போடும்போது சொன்னாள்: “எங்கிட்ட ஒருநாள்கூட நீங்க இப்படி ‘வந்துட்டியா’ன்னு கேட்டதில்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. அவன் சாப்பிட்டு எழுந்தான்.

மறுவருடம் இரண்டாவது படத்துக்கும் கூப்பிட்டார்கள். ரங்கநாயகிக்கு வர முடியவில்லை, தனத்துக்கு வேறொரு பெண் பேசினாள். அவளும் திருத்தமாகவே ‘என்னங்க’ என்றாள். முத்திருளன் இரண்டு நாள் பேசிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து, இனிமேல் தன்னால் முடியாது என்று எழுதிப் போட்டான்.

மூன்றாவது படம் வந்தபோது அவர்கள் வீட்டிலேயே டி.வி. இருந்தது. நடராசனுக்கும் புதுக் குரல், சின்ன வயசுக்காரன். முத்திருளன் எழாமல் உட்கார்ந்து பார்த்தான். பையன் நன்றாகத்தான் பேசுகிறான் என்று செல்லத்தாயிடம் சொன்னான். அவள் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்து வைத்தாள்.